எலுமிச்சை மண்டியும் ஃபிரேம்வொர்க்கும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு' என்று ஒரு நாளிதழ். 2003இல் அந்த நாளிதழின் இணையப் பிரிவில் இருந்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு நிரலாளர்கள் தங்கள் அன்றாட வேலைக்காக எழுதத் தொடங்கியதுதான் ஜாங்கோ என்ற இணைய ஃபிரேம்வொர்க். செய்தி ஆசிரியர் காலையில் ஒரு பக்கம் கேட்டால் சாயங்காலத்துக்குள் அது இணையத்தில் ஏறியாக வேண்டும். நிருபர்களுக்கு நிரல் தெரியாது, ஆனால் தகவலை அவர்களேதான் உள்ளிட வேண்டும். அதற்காகப் போட்ட திரைதான் இன்றைக்கு ஜாங்கோவோடு கூடவே வரும் அட்மின் பக்கம். 2005 ஜூலையில் அதை எல்லோருக்குமாக வெளியிட்டார்கள்.

பத்திரிகை அலுவலகத்தின் அவசரம் ஜாங்கோவின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கிறது. ஒரு டேபிளில் என்னென்ன இருக்கும் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் போதும். உள்ளிட, திருத்த, தேட, அழிக்க வேண்டிய திரைகள் தாமாக வந்து நிற்கும். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்பதும் பதிவாகிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட இதேதான். அவருக்கும் நிரல் தெரியாது, அவருக்கும் நேரம் கிடையாது, யார் எதைத் திருத்தினார்கள் என்பது அங்கேயும் பெரிய விஷயம்.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த ஃபிரேம்வொர்க்கும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. யாரோ ஒருவர் தன் ஊரில், தன் அலுவலகத்தில், தன் கழுத்தை நெரித்த ஒரு தேவைக்காக எழுதியது. அந்தத் தேவை நம்முடையதோடு ஒத்துப்போனால் வேலை பாதியாகக் குறையும். ஒத்துப்போகாவிட்டால் இரட்டிப்பாகும். அது யாருடைய தேவை என்று தெரிந்துகொள்ள எனக்கு வாய்த்த இடங்கள் நிரலாளர் மாநாடுகள். அதனால்தான் ஃபிரேம்வொர்க்கையும் மாநாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலும் ஆவணித் தபசும் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். மற்றவர்களிடம் சங்கரன்கோவில் பக்கம் என்று சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கரிவலம் என்று சுருக்கிவிடுவோம். சங்கரன்கோவிலில் விசைத்தறியும் பூ மார்க்கெட்டும், புளியங்குடியில் எலுமிச்சையும், ஊரைச் சுற்றிப் பருத்தியும் மக்காச்சோளமும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. படிப்பை முடித்தவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்புவது வழக்கம். நானும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன். 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு திரும்பி வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன்.

சென்னையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஸ்ட்ரட்ஸில். 2000இல் கிரெய்க் மெக்லானஹன் எழுதி அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த ஜாவா ஃபிரேம்வொர்க் அது. ஒரு பக்கம் சேர்க்க வேண்டுமென்றால் ஓர் ஆக்‌ஷன் கிளாஸ், ஒரு ஃபார்ம் பீன், ஒரு ஜேஎஸ்பி, பிறகு இந்த மூன்றையும் முடிச்சுப்போட எக்ஸ்எம்எல் கோப்பில் சில வரிகள். எங்கள் திட்டத்தில் அந்த ஒரு கோப்பு மட்டும் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்திருந்தது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் டாம்கேட் சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டும். அது ஏறி முடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இன்று ஸ்ட்ரட்ஸை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காக ஒரு பெரும் கூட்டமே ஒரே நிரலில் கைவைக்கிறது. பாதிப் பேர் ஆறு மாதத்தில் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எந்த முகவரிக்கு எந்த நிரல் ஓடும் என்பது ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தது பெரிய உதவி. புதிதாக வந்து சேர்ந்த நான் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துத்தான் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். பெரிய கூட்டத்தின் தேவைக்குப் பிறந்த ஃபிரேம்வொர்க் அது. நான்கு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள்.

ஸ்ட்ரட்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் ஸ்ட்ரட்ஸ் 2இல் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அன்றே அதற்கான திருத்தமும் வெளியானது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் தன்னுடைய ஒரு தளத்தில் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை. மே மாதம் அந்த வழியாகவே உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மாநாட்டு மேடைகளில் புதிய ஃபிரேம்வொர்க்கை எழுதியவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பழையதற்கு ஒரு திருத்தம் வந்த அன்றே அதை எடுத்துப் போட்டுச் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிறவர்கள் அவர்கள்.

ஸ்ட்ரட்ஸோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் ரெயில்ஸ் வந்து எல்லோருடைய பேச்சையும் மாற்றியிருந்தது. டென்மார்க்காரரான டேவிட் ஹைன்மையர் ஹான்சன், சிகாகோவில் இருந்த 37சிக்னல்ஸ் நிறுவனத்துக்காக பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளை எழுதினார். அதிலிருந்து பொதுவான பகுதியைப் பிரித்தெடுத்து 2004 ஜூலையில் வெளியிட்டதுதான் ரெயில்ஸ். பதினைந்தே நிமிடத்தில் ஒரு வலைப்பூவை எழுதிக்காட்டும் அவருடைய காணொலியை எங்கள் அலுவலகத்தில் ஒரே கணினியைச் சுற்றி நின்று பார்த்தோம். எக்ஸ்எம்எல் இல்லை, முடிச்சு இல்லை. பெயரை அதற்குரிய முறையில் வைத்தால் மற்றதை ரெயில்ஸே ஊகித்துக்கொள்ளும். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள், ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள், ஒரே பழக்கத்தில் ஊறியவர்கள் எழுதும் நிரலுக்கு அது மிகப் பொருத்தம். எல்லாமே ஊகம் என்பதால், புதிதாக வருகிறவருக்கு எங்கே எது நடக்கிறது என்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். ஸ்ட்ரட்ஸும் ரெயில்ஸும் ஒன்றுக்கொன்று போட்டி என்றுதான் அன்றைக்குப் பேசினார்கள். இருபது வருஷம் தள்ளிப் பார்த்தால், ஒன்று பெரிய நிறுவனத்தின் தேவை, இன்னொன்று சின்னக் கடையின் தேவை என்பது தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் பார்வை எனக்கு வந்தது அலுவலகத்தில் அல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு அப்போது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் ஏரோஸ்பேஸ் துறைக் கட்டிடத்தில் கூடும். 1998இல் தொடங்கிய குழு. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, அடையாள அட்டை இல்லை. கல்லூரி மாணவரும் பேராசிரியரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். தென்கோடியிலிருந்து வந்தவனுக்குச் சென்னையில் தயக்கமில்லாமல் கைதூக்கிக் கேள்வி கேட்கக் கிடைத்த முதல் இடம் அது. யாராவது ஒரு கருவியைப் பற்றிப் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து கேள்வி வரும்: "இது எதுக்கு வேணும்? நீங்க எதுல மாட்டிக்கிட்டு இதை எழுதினீங்க?" அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வட்டாரத்தில் அடிக்கடி அடிபட்ட பெயர் கென்னத் கொன்சால்வஸ். நீலகிரியில் இருந்துகொண்டு பைத்தானிலும் ஜாங்கோவிலும் வேலை செய்தவர். கட்டற்ற மென்பொருளுக்காக ஓயாமல் வாதாடியவர். 2012இல் காலமானார். இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல நிரலாளன் ஆக வேண்டுமென்றால் பெருநகரத்தில் இருந்தாக வேண்டும் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மலைமேல் இருந்து ஒருவர் ஜாங்கோவில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த அன்றே, பிறகு கரிவலத்துக்குத் திரும்பலாம் என்ற எண்ணத்துக்கு என் மனசில் விதை விழுந்துவிட்டது.

பைத்தான்காரர்கள் கூடும் பைகான் மாநாடு இந்தியாவில் முதன்முதலாக 2009 செப்டம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. ரெயில்ஸுக்கு அடிப்படையான ரூபி மொழிக்காரர்களின் முதல் இந்திய மாநாடு 2010இல், அதுவும் பெங்களூரில். ஜாவாஸ்கிரிப்டுக்கென்று ஜேஎஸ்ஃபூ 2011இல் தொடங்கியது. 2012 பைகானுக்கு ஜாங்கோவின் ஆரம்ப காலத்திலிருந்தே அதைக் கட்டியெழுப்பிய ஜேக்கப் கப்லன்-மாஸ் வந்தார். நாம் தினமும் எழுதும் வரிகளுக்குப் பின்னால் உடம்பும் குரலும் உள்ள ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அப்படி நேரில் பார்க்கும்போதுதான் உறைக்கும். அதுவரை ஃபிரேம்வொர்க் என்பது எனக்குச் சட்டப் புத்தகம் மாதிரி. இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரோ விதித்தது. அதற்குப் பிறகு அது ஒரு மனிதர் சொல்லும் யோசனை ஆகிவிட்டது. யோசனையை ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தியும் அனுப்பலாம்.

மாநாடுகளில் எல்லா உரையும் உருப்படியாக இருக்காது. பணம் கொடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து தன் சரக்கை விற்கும் உரைகளுக்கு நான் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில் வராந்தாவில் யாருடனாவது நின்று பேசினால் அதைவிட நாலு விஷயம் தெரியவரும். சாயங்காலம் நடக்கும் ஐந்து நிமிட உரைகளைத் தவறவிடவே மாட்டேன். ஐந்து நிமிடத்தில் பூச்சு வேலைக்கு இடம் கிடையாது. என்ன சிக்கல், எப்படித் தீர்த்தேன், இதோ நிரல் என்று நேராக விஷயத்துக்கு வந்தாக வேண்டும்.

மேடையில் நடந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, நான் காணொலியில் மட்டுமே பார்த்த ஒன்று. 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் ரயன் டால் என்ற இளைஞர், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார். ஃபிளிக்கரில் படம் ஏற்றும்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் பட்டை அவரை உறுத்தியிருக்கிறது. அத்தனை எளிய விஷயத்துக்கு சர்வர் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது நோட். அதே மாநாட்டுக்கு 2018இல் திரும்பி வந்து, நோட்.ஜேஎஸ்ஸில் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்று ஒரு உரை நிகழ்த்தினார். அதற்குள் நோட் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவரே மேடையேறி, பாதுகாப்பில் இதைக் கோட்டைவிட்டேன், நோட்_மாடியூல்ஸ் கோப்புறையை இப்படி வைத்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு தொழில் முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட உரை எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

மாநாட்டால் கெட்டதும் உண்டு. ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது மேலாளர் ஒருவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் எங்கள் நிரல் முழுவதையும் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால், "இனிமே எல்லாம் இதுதான்" என்பதே பதில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை மாற்றி எழுதினோம். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆங்குலர் மாநாட்டில், அடுத்த பதிப்பு பழையதோடு ஒத்துப்போகாது என்று அறிவித்தார்கள். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு இத்தனை உழைப்பிலும் ஒரு புதிய வசதிகூடக் கிடைக்கவில்லை. பல இளைஞர்களின் இரவுகள் அதில் போயின. கூகுளுக்குள் இருந்த ஒரு தேவைக்காக எடுக்கப்பட்ட முடிவு, சென்னையில் ஓர் அடுக்குமாடி அலுவலகத்தில் எங்கள் தலையில் வந்து விடிந்தது.

ரியாக்டின் கதையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வால்க் எழுதியது. 2013 மே மாதம் அமெரிக்க ஜேஎஸ்கான்ஃபில் பொதுவில் வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல்லைக் கொண்டுவந்து கலப்பதா என்று அரங்கமே முகம் சுளித்தது. அவர்களுடைய சிக்கல் என்ன? ஒரே திரையில் செய்தி ஓடை, அரட்டைப் பெட்டி, மேலே படிக்காத செய்திகளின் எண்ணிக்கை. ஒன்றில் மாற்றம் வந்தால் மற்ற எல்லாவற்றிலும் அது சரியாகத் தெரிய வேண்டும். செய்தியைப் படித்த பிறகும் மேலே '1' என்று நிற்கிற தொல்லை அவர்களைப் படுத்தியிருக்கிறது. ஒரே திரையில் நூறு விஷயம் நொடிக்கு நொடி மாறும் இடத்துக்கு ரியாக்ட் அருமையான பதில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட வேலை வந்தால் இன்றும் அதைத்தான் எடுப்பேன்.

இனி மண்டிக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். சென்னை நிறுவனம் ஒன்று அவருக்கு ஒரு ஆப் எழுதிக்கொடுத்திருந்தது. விவசாயி பெயர், மூட்டை, எடை, ஏலம்போன விலை, கமிஷன், கூலி, மிச்சம். உள்ளிட வேண்டியது இவ்வளவுதான். கேரளத்துக்கு லோடு ஏறுகிற நேரத்தில் கடைக்குள் போனால், பையன் கையில் இருந்த கைபேசியில் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி அதைப் பார்க்கக்கூட இல்லை. பழைய சிட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்லாத்தான் இருக்கு, கலர் கலரா. ஆனா இது சுத்தி முடிக்கதுக்குள்ள நான் நாலு பேருக்குச் சிட்டை போட்டுருவேன். லாரி நிக்குதுல்லா" என்றார்.

மடிக்கணினியை இணைத்துப் பார்த்தேன். முதல் திரை தெரிவதற்கு முன்பே இரண்டு எம்பிக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் இறங்க வேண்டியிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் ஒரு கோடு. இறங்கினாலும் அத்தனையையும் படித்து ஓட்ட அந்த மலிவு விலைக் கைபேசிக்குத் திராணி இல்லை. அந்தத் திரையில் நொடிக்கு நொடி மாறுவது எதுவுமே கிடையாது. படிவத்தை நிரப்பி அனுப்பினால் சிட்டை வர வேண்டும், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கின் தேவையைக் கொண்டுவந்து எலுமிச்சை மண்டியில் இறக்கியிருந்தார்கள்.

நான் ஜாங்கோவில் எழுதினேன். சர்வரிலேயே தயாராகி வரும் சாதாரண எச்டிஎம்எல் பக்கம். முழுப் பக்கமும் முப்பது கேபிக்குள் அடங்கிவிட்டது. பேரேட்டைப் பார்ப்பதும் திருத்துவதும் கணக்குப்பிள்ளைக்கு அட்மின் பக்கத்திலேயே. சிக்னல் அறுந்துபோனால் உள்ளிட்டதைக் கைபேசியிலேயே பிடித்து வைத்திருந்து, வந்ததும் அனுப்புவதற்கு மட்டும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் துண்டு.

அந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. சிக்னல் மங்கலாக இருக்கும்போது பையன் பொத்தானை அழுத்துவான். தகவல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், போய்ச் சேர்ந்தது என்ற பதில் மட்டும் திரும்பி வந்திருக்காது. அவன் மறுபடி அழுத்துவான். ஒரே விவசாயியின் அதே மூட்டை கணக்கில் இரண்டு தடவை ஏறிவிடும். மண்டியில் இது சாதாரணப் பிசகு அல்ல. நாள் முடிவில் பணம் எண்ணும்போது சண்டை வந்துவிடும். அதனால் படிவம் திறக்கும்போதே கைபேசியில் ஒரு தனி எண் உருவாகி அந்த மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை தடவை அனுப்பினாலும், அந்த எண் ஏற்கெனவே டேட்டாபேஸில் இருந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய சிட்டையையே திருப்பித் தரும். இந்த ஏற்பாட்டை எந்த ஃபிரேம்வொர்க்கும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எச்டிடிபி எப்படி வேலை செய்கிறது, டேட்டாபேஸில் யூனிக் என்ற கட்டுப்பாடு என்ன செய்யும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஸ்ட்ரட்ஸ் காலத்தில் படித்த இந்த இரண்டும் இன்றுவரை மாறவில்லை.

கூடுமானவரை வெளி நூலகங்களைத் தவிர்த்தேன். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டதும், உலகெங்கும் எத்தனையோ மென்பொருள்கள் பில்டு ஆகாமல் நின்றன. சென்னையில் அப்படி நின்றால் சரிசெய்ய ஆள் இருக்கிறது. மண்டியில் நின்றால் என்னைத்தான் தேடி ஆள் வரும்.

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு நல்ல சோதனைத் தரவு என்று மாணவர்களிடம் சொல்வேன். 'கரிவலம்வந்தநல்லூர்' என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது 18 குறியீடுகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 54 பைட். ஊர் என்ற கட்டத்துக்கு 50 பைட் போதும் என்று ஒருவர் முடிவுகட்டி வைத்திருந்தால், பெயர் 'கரிவலம்வந்தநல்லூ' என்று நின்று கடைசியில் ஒரு கேள்விக்குறி விழும். 17 குறியீடுகளோடு வெட்டினால் கடைசிப் புள்ளி போய் 'நல்லூர' ஆகிவிடும். பிரபலமான ஃபிரேம்வொர்க்குகளில் நீளமான வரியைச் சுருக்கித் தரும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் அது இப்படிக் குறியீடுகளை எண்ணித்தான் வெட்டும். எழுதியவர்களின் மொழியில் ஒரு குறியீடு ஓர் எழுத்து என்பதால் எழுத்து எழுத்தாக எண்ணுவது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்குத் தேவை. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகம் தமிழ்ச் சொல்லைச் சரியாக எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. மண்டிச் சிட்டையில் விவசாயி பெயர் முறியாமல் அச்சாவதற்கு நான் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

நம்முடைய தேவைக்காக நாம் கூடிய மாநாடுகளும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இந்தக் கட்டுரையை நான் தட்டிக்கொண்டிருப்பதும் அதில்தான். அடுத்த வருஷமே, 2000இல், உத்தமம் அமைப்பு உருவாகித் தமிழ் இணைய மாநாடுகளைத் தொடர்ந்து நடத்திவருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழில் த. ஸ்ரீனிவாசனும் து. நித்யாவும் நண்பர்களும் தமிழிலேயே நிரலாக்கத்தைப் பற்றி எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் படித்துப் புரியாமல் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டிய பிள்ளைகளை அந்த எழுத்துகள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சங்கரன்கோவிலில் நான் நேரில் பார்த்த உண்மை இது.

தேவையிலிருந்து பிறந்த இந்திய ஃபிரேம்வொர்க்கும் ஒன்று இருக்கிறது. மும்பையில் ருஷப் மேத்தா, குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு வாங்கிய மென்பொருள் ஒத்துவராமல் போகவே தானே எழுதத் தொடங்கினார். அது ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் ஆகி, அதன் அடித்தளம் ஃபிரேப்பே என்ற பெயரில் தனி ஃபிரேம்வொர்க்காக நிற்கிறது. வவுச்சர், சரக்கு இருப்பு, வரி என்று இந்தியக் கடைக்காரரின் மனசு அதற்குத் தெரியும். பெரிய மண்டி என்றால் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தபோது எங்கள் பக்கத்துப் பெற்றோர்களின் பேச்சே மாறியது. பட்டம் இல்லாதவர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் அவர்களுடைய பள்ளி அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கலாம் என்பது இன்று யாருக்கும் அதிசயம் இல்லை. குறை எங்கே என்றால் கூடிப் பேசும் இடத்தில். 2019இல் பைகான் இந்தியா சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. அதுவே எங்களுக்கு ஓர் இரவு ரயில் பயணம். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு, ஒரு நாள் விடுப்பு எல்லாம் சேர்ந்தால் இங்கே ஒரு பிள்ளையின் மாதச் செலவு. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாராவாரம் நடத்தும் வகுப்புகளைப் பார்த்துவிட்டு, மதுரைக்குத் தெற்கேயும் இப்படி வேண்டும் என்று நான் கேட்காத ஆள் இல்லை.

இப்போது சங்கரன்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் பேர் கூடுகிறோம். ஒருவருடைய கடை மாடிதான் இடம். அங்கே வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, ரியாக்ட் படிச்சாத்தான வேலை கிடைக்கும்?" என்பது. படி என்றுதான் சொல்வேன்; வேலை அதில்தான் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது அவர்களுக்குத் துரோகம். கூடவே, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவேன். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரு ஆப் கேட்டால் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ரியாக்டிலேயே எழுதித் தந்துவிடுகிறது. அதனால் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அங்கே வருகிற ஒரு பெண்ணின் அப்பா விசைத்தறித் தொழிலாளி. வாரக்கூலிக் கணக்குக்கு அவள் ஒரு மென்பொருள் எழுதுகிறாள். எத்தனை சேலை நெய்தார், ஒரு சேலைக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதை, முதலாளியின் நோட்டைப் பார்க்காமலே தொழிலாளி தன் கைபேசியில் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். சென்னையில் மாதந்தோறும் கூடும் சென்னைபை என்ற பைத்தான் குழுவில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்று சொல்லியிருக்கிறேன். உரையைத் தமிழிலேயே தயார் செய்துவிட்டாள். கூலிக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. முன்பணம்தான் இன்னும் நிற்கிறது. ஒரு முதலாளி வாரத்துக்கு இவ்வளவு என்று பிடிக்கிறார், இன்னொருவர் தீபாவளி போனஸில் மொத்தமாகக் கழிக்கிறார், வேறொருவர் தறி நின்ற வாரம் பிடிப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே டேபிளில் அடக்கப் பார்க்காதே, ஒவ்வொரு கழிவையும் தேதியோடும் காரணத்தோடும் தனி வரியாக எழுது என்று போன ஞாயிறு சொல்லி அனுப்பினேன். இன்னும் மூன்று தறிக்கூடங்களில் விசாரித்துவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.